சாக்லெட் ரெடி... கடைக்குத்தான் போகலை!

1999-ம் வருஷம். அமெரிக்காவில் வாண்டுகள் எல்லாம் ஹாலோவீனுக்கு நாள் எண்ணிக்கிட்டு இருந்த நேரம். பேய் வேஷம் கட்டிக்கிட்டு வீடு வீடா போய் மிட்டாய் கேட்கிற பண்டிகை அது. நமக்கு தீபாவளின்னா சிவகாசி மாதிரி, அவங்களுக்கு ஹாலோவீன்னா ஹெர்ஷீஸ் சாக்லெட்!

கம்பெனியில் சரக்கு இருந்தது. கடைக்காரங்க ஆர்டரும் கொடுத்தாச்சு. ஆனா, சாக்லெட் மட்டும் கடைக்குப் போகலை. கிட்டத்தட்ட 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை நேரத்துக்கு அனுப்ப முடியாம கையைப் பிசைஞ்சது ஹெர்ஷீஸ். விஷயம் வெளியே கசிஞ்சதும் ஒரே நாளில் ஷேர் விலை 8 சதவிகிதத்துக்கு மேல் சரிஞ்சது. அந்தக் காலாண்டின் லாபம் 19 சதவிகிதம் குறைஞ்சது.

ஸ்ட்ரைக்கா? இல்லை. வெள்ளம், புயலா? அதுவும் இல்லை. 11 கோடியே 20 லட்சம் டாலர் செலவு பண்ணி ஆசை ஆசையாப் போட்ட புது சாஃப்ட்வேர்தான் வில்லன்!

ஒண்ணு இல்லை, மூணு. கணக்கு, ஆர்டர், சரக்கு இதுக்கெல்லாம் எஸ்.ஏ.பி. எதை எப்போ எவ்வளவு தயாரிக்கணும்னு திட்டம் போட மானுஜிஸ்டிக்ஸ். வாடிக்கையாளர் விவரங்களுக்கு சீபெல். தனித்தனியா பார்த்தா மூணுமே பெரிய பெரிய கம்பெனிகளில் ஓடிக்கிட்டு இருந்த சாஃப்ட்வேர்கள்தான். மூணையும் கோத்து, ஒரு நிஜமான கம்பெனிக்குள்ள கொண்டுபோய் வெச்சப்பதான் சிக்கிக்கிச்சு.

"இதெல்லாம் எனக்கு எதுக்கு பாஸ்? நான் இப்பதான் மூணாவது செமஸ்டர்"னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. இன்னும் ரெண்டு, மூணு வருஷத்தில் கேம்பஸ் இன்டர்வியூ தாண்டி ஒரு கம்பெனிக்குள்ள போவீங்க. எல்லாத்தையும் புதுசா எழுதற வேலை கிடைக்கும்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க. ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கிற ரெண்டு சிஸ்டத்தை ஒட்டவைக்கிற வேலை உங்க தலையில் விழ நிறைய வாய்ப்பு இருக்கு. சிவில், மெக்கானிக்கல், பி.காம். படிக்கிறவங்களும் தப்பிக்க முடியாது. நீங்க உட்காரப் போற ஆபீஸில் அந்த ஒட்டு ஏற்கெனவே இருக்கும். அது பிச்சுக்கிட்டா, போன் உங்களுக்குத்தான் வரும்!

சாப்பாட்டு டோக்கன் எங்கே?

முதல்ல விஷயத்தை நம்ம காலேஜுக்குக் கொண்டு வருவோம். உங்க டிபார்ட்மென்ட் சிம்போசியம்னு வெச்சுக்கங்க. ஆன்லைன்ல பேர் கொடுத்தவங்க லிஸ்ட் ஒரு டீம்கிட்ட. அன்னைக்கு நேர்ல வந்து பணம் கட்டினவங்க நோட்டு இன்னொரு டீம்கிட்ட. சாப்பாட்டு டோக்கன் மூணாவது டீம்கிட்ட. மூணு டீமும் சூப்பரா வேலை பார்க்குது. ஆனா, பதினோரு மணிக்கு டோக்கன் டீம் லிஸ்ட் வாங்கிக்கிட்டுப் போனதுக்கு அப்புறம் 35 பேர் பணம் கட்டியிருக்காங்க. மத்தியானம் ஒரு மணிக்கு அந்த 35 பேரும் தட்டோட நிக்கிறாங்க!

யார் மேல தப்பு? ஆன்லைன் டீம், "எங்க சைடுல எல்லாம் ஓகே"ங்கும். நோட்டு டீம், "எங்க சைடுலயும் ஓகே"ங்கும். டோக்கன் டீம், "எங்களுக்கு வந்த லிஸ்ட்டுக்கு நாங்க கொடுத்துட்டோம்"னு சொல்லும். மூணு பேர் சொல்றதும் உண்மை. பசியோட நிக்கிற 35 பேரும் உண்மை.

ஒரு கம்பெனியோட கணக்கு, சரக்கு, சம்பளம், கொள்முதல் எல்லாத்தையும் ஒரே குடையில் கொண்டு வர்ற சாஃப்ட்வேருக்குப் பேர்தான் ஈ.ஆர்.பி. அது தனியா வாழ முடியாது. பேங்க், வெப்சைட், குடோன்ல இருக்கிற பார்கோடு மெஷின், அரசாங்கத்தோட ஜி.எஸ்.டி. போர்ட்டல்னு பல பேரோட பேசணும். அப்படிப் பேச வைக்கிறதுதான் இன்டெக்ரேஷன். சுருக்கமா சொன்னா, சம்பந்தம் பேசறது! பொண்ணு வீடும் தங்கம், மாப்பிள்ளை வீடும் தங்கம். ஆனா, "அவங்க பார்த்துப்பாங்க"ன்னு ரெண்டு வீடும் விட்ட விஷயத்தில்தான் கல்யாண மண்டபத்தில் சண்டை வெடிக்கும்.

அந்த மாதிரி வண்டி கவிழற அஞ்சு பள்ளங்களைப் பார்த்துடுவோம்.

பள்ளம் 1: குடோன்காரர் மண்டைக்குள்ள இருந்த சிஸ்டம்

ஹெர்ஷீஸில் என்ன நடந்ததுன்னு பிறகு அலசினவங்க சொன்ன ஒரு காரணம் சுவாரஸ்யமானது. சீஸன் நேரத்தில் சரக்கு குவியும்போது, கிடைச்ச காலி இடத்தில் எல்லாம் அடுக்கி வைக்கிறது அங்கே வழக்கம். எந்த மூலையில் எது இருக்குன்னு அங்கே வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியும். ஆனா, அந்த இடங்களை எல்லாம் சேமிப்புக் கிடங்குன்னு புது சிஸ்டத்தில் யாரும் பதியலை. அவ்வளவுதான்! சாஃப்ட்வேர் கண்ணுக்கு அங்கே இருந்த சாக்லெட் தெரியவே இல்லை. சரக்கு இருந்தும் இல்லாத கதை.

பழைய சிஸ்டம்னா பழைய கம்ப்யூட்டர் மட்டும் இல்லை. இருபது வருஷமா அங்கே இருக்கிற அண்ணாச்சியோட ஞாபகமும் அதில் சேர்த்தி. அவரோட நோட்டு, அவர் சுவத்துல ஒட்டியிருக்கிற சீட்டு, "இந்தப் பார்ட்டிக்கு மட்டும் வெள்ளிக்கிழமை பில் போடக் கூடாது"ங்கிற அவரோட ரூல் எல்லாமே சிஸ்டம்தான். ஏ.சி. ரூமில் மேனேஜரோட மீட்டிங் போட்டா இது எதுவும் வெளியே வராது. குடோனுக்குப் போய், ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அரை நாள் பக்கத்தில் நின்னு பார்த்தாதான் தெரியும்.

பள்ளம் 2: ஒரே வார்த்தை, ரெண்டு அர்த்தம்

உங்க பேர் எஸ். கார்த்திக். ஆதார்ல 'கார்த்திக் எஸ்', மார்க்‌ஷீட்ல 'எஸ் கார்த்திக்', பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா. அமெரிக்காவில் எழுதின சாஃப்ட்வேர் ஒண்ணு உங்ககிட்ட 'லாஸ்ட் நேம்' கேட்குது. நம்ம ஊர்ல ஏதுங்க லாஸ்ட் நேம்? ஒருத்தர் இனிஷியலைப் போடுவார். இன்னொருத்தர் அப்பா பேரைப் போடுவார். இன்னொருத்தர் கடுப்பாகி ஒரு புள்ளி வெச்சுட்டு அடுத்த பக்கம் போயிடுவார்! நாளைக்கு ரெண்டு சிஸ்டத்தை இணைக்கும்போது, ஒரே ஆள் மூணு ஆளா நிப்பார்.

பேர்ல மட்டும் இல்லை. 03/04-னு ஒரு தேதி. நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காக்காரருக்கு மார்ச் 4. ஒரு சிஸ்டத்தில் '10'னா பத்து பீஸ், இன்னொண்ணுல பத்து டஜன். பொருளோட கோடு 00452-னு இருக்கும். வழியில் யாராவது எக்ஸெல்ல திறந்து சேவ் பண்ணியிருந்தா, முன்னாடி இருக்கிற பூஜ்யங்கள் காணாம போய் வெறும் 452 ஆயிடும். 16 இலக்க நம்பரை எண்ணாப் போட்டா, எக்ஸெல் 15 இலக்கம்தான் ஞாபகம் வெச்சுக்கும். கடைசி இலக்கம் பூஜ்யமா மாறிடும்!

ஜெர்மனியைச் சேர்ந்த சூப்பர் மார்க்கெட் கம்பெனி லிடில். சரக்கோட மதிப்பை வாங்கின விலையில் கணக்கு வைக்கிறது அவங்க பழக்கம். எஸ்.ஏ.பி.யோட ரெடிமேட் சாஃப்ட்வேர் விற்பனை விலையில் கணக்குப் பார்த்தது. நாங்க மாற மாட்டோம், சாஃப்ட்வேரை மாத்துங்கன்னு லிடில் சொன்னது. வெட்டி ஒட்டி, வெட்டி ஒட்டி... 2011-ல் ஆரம்பிச்ச வேலையை 2018-ல் மூட்டை கட்டினாங்க. செலவு சுமார் 50 கோடி யூரோன்னு ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. 'விலை'ங்கிற ஒரே ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு ஆரம்பத்திலேயே உட்கார்ந்து பேசித் தீர்க்காததும் அந்தச் செலவில் அடக்கம்.

பள்ளம் 3: சத்தம் போடாம விழறது

2004-ல் ஹெச்.பி. கம்பெனி, சர்வர் விற்கிற தன்னோட பிரிவை எஸ்.ஏ.பி.க்கு மாத்தினது. சின்னப் பசங்க இல்லை, கம்ப்யூட்டர் விற்கிறதே தொழிலா வெச்சிருக்கிறவங்க. ஏதாவது கோளாறு வந்தா சமாளிக்க மூணு வாரத்துக்கு ஏற்பாடும் பண்ணி வெச்சிருந்தாங்க. ஆனா, ஆர்டர் எடுக்கிற பழைய சிஸ்டத்துக்கும் புது எஸ்.ஏ.பி.க்கும் நடுவில் ஆர்டர்கள் சிக்க ஆரம்பிச்சது. ஒரு கட்டத்தில் அஞ்சுல ஒரு ஆர்டர் நடுவழியில் நின்னது. அதை எல்லாம் ஆள் வெச்சு கையால எடுத்துத் திரும்பப் போட வேண்டியதாச்சு. சாஃப்ட்வேர் கோளாறை சில வாரங்களில் சரி பண்ணிட்டாங்க. ஆனா, தேங்கின ஆர்டர் தேங்கினதுதானே? ஆன பாதிப்பு 16 கோடி டாலர்.

பிசினஸுக்கு வெளியே இன்னும் சீரியஸான உதாரணம் உண்டு. 2020 கொரோனா சமயம். இங்கிலாந்தில் லேப்கள் அனுப்பின ரிசல்ட்களை, சுகாதாரத் துறை பழைய எக்ஸெல் ஃபைல் வடிவத்தில் ஏத்திக்கிட்டு இருந்தது. அந்தப் பழைய வடிவத்தில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான். அதுக்கு மேல வந்தது எல்லாம் சத்தமே இல்லாம வெளியே விழுந்தது. செப்டம்பர் 25-லேர்ந்து அக்டோபர் 2 வரைக்கும் 15,841 பாசிட்டிவ் கேஸ்கள் கணக்கில் வரலை. தொற்று இருந்தவங்களுக்கு ரிசல்ட் போயிடுச்சு. ஆனா, அவங்க பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவங்க, பழகினவங்களைத் தேடிப் பிடிச்சு எச்சரிக்கிற வேலை நாள் கணக்கில் தள்ளிப்போச்சு. அந்த நாட்களில் அது எத்தனை பேருக்குப் பரவியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

கத்திக்கிட்டே விழற சாஃப்ட்வேர் நல்ல சாஃப்ட்வேர். சத்தம் போடாம விழறதுதான் ஆபத்து. தீர்வு ரொம்ப சிம்பிள். மளிகைக் கடைக்காரர் செய்யறதுதான்! அனுப்பினது எத்தனை, வந்து சேர்ந்தது எத்தனை, மொத்தத் தொகை ரெண்டு பக்கமும் ஒண்ணா... தினம் ராத்திரி கடை சாத்தறதுக்கு முன்னாடி டேலி பண்ணணும். இடிச்சா அப்பவே ஒரு ஆளுக்கு மெசேஜ் போகணும். 'ஒரு ஆள்'ங்கிறது முக்கியம். "எல்லாருக்கும் மெயில் போகும்"னா, யாருமே படிக்க மாட்டாங்கன்னு அர்த்தம்.

பள்ளம் 4: ரெண்டு தடவை போன பில்

மொபைல்ல ரீசார்ஜ் பண்றீங்க. சுத்திக்கிட்டே இருக்கு. பதில் வரலை. திரும்ப அமுக்கலாமா, வேண்டாமா? பணம் ரெண்டு தடவை போயிடுமோ? இதே திக்திக் ரெண்டு சிஸ்டத்துக்கு நடுவிலும் உண்டு. பதில் வரலைன்னா, அனுப்பினது போகலைன்னு அர்த்தம் இல்லை. போயிருக்கும், பதில் மட்டும் வழியில் தொலைஞ்சிருக்கும்.

இதை எப்படிச் சமாளிக்கிறதுன்னு கத்துக்க நம்ம ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு. ஜி.எஸ்.டி. இ-இன்வாய்ஸ். 2020 அக்டோபர் 1 அன்னைக்கு 500 கோடி ரூபாய்க்கு மேல விற்பனை பண்ற கம்பெனிகளுக்கு வந்தது. படிப்படியா இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல போனாலே கட்டாயம் ஆச்சு. திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கிறவரும் கோயம்புத்தூர்ல பம்ப் விக்கிறவரும், இன்னொரு வியாபாரிக்குப் போடற பில் விவரத்தை அரசாங்க போர்ட்டலுக்கு அனுப்பி நம்பர் வாங்கணும். அதாவது, இன்டெக்ரேஷன் தலைவலி பன்னாட்டுக் கம்பெனியிலேர்ந்து நம்ம தெருவுக்கே வந்தாச்சு!

அந்த நம்பர் 64 எழுத்து நீளம். விற்கிறவரோட ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, பில் வகை, பில் நம்பர் நாலையும் வெச்சு அது உருவாகுது. அதனால ஒரே பில்லை எத்தனை தடவை கணக்குப் போட்டாலும் அதே நம்பர்தான். பதில் வரலைன்னு ரெண்டாவது தடவை அனுப்பினா, 'இது ஏற்கெனவே வந்துடுச்சு'ன்னு போர்ட்டல் திருப்பி அனுப்பிடும். ரெண்டு பில் ஆகாது. நீங்க கட்டப் போற எந்த இணைப்புக்கும் இந்த யோசனையை எடுத்துக்கலாம். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தனி அடையாளம் கொடுங்க. அதே அடையாளத்தோட திரும்ப வந்தா, புதுசா எதுவும் பண்ணாம பழைய பதிலையே கொடுங்க.

பள்ளம் 5: ஒரே ராத்திரியில் குடித்தனம் மாறுறது

ஹெர்ஷீஸுக்குத் திரும்ப வருவோம். இந்த வேலைக்கு 48 மாசம் வேணும்னு சொல்லியிருந்தாங்க. 30 மாசத்தில் முடிக்கணும்னு முடிவு பண்ணினாங்க. 2000-ம் வருஷம் பிறந்தா பழைய கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிடும்னு உலகமே பயந்துக்கிட்டு இருந்த நேரம் அது. ஏப்ரல்ல தொடங்க வேண்டியது ஜூலைக்குத் தள்ளிப்போச்சு. ஜூலைன்னா, ஹாலோவீன் ஆர்டர்கள் வந்து குவியற நேரம். அப்போ போய் எல்லாத்தையும் ஒரே மூச்சில் மாத்தினாங்க!

தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி தி.நகர் ஜவுளிக்கடையில் எல்லா பில் மெஷினையும் ஒரே ராத்திரியில் மாத்துவாங்களா? மாட்டாங்க. ஆனா, தேதி நெருங்கும்போது முதல்ல வெட்டறது டெஸ்ட்டிங் நாட்களைத்தான். "அதெல்லாம் லைவ்ல பார்த்துக்கலாம்!" இந்த வசனத்தை உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்லயே கேட்கப் போறீங்க. டெஸ்ட் பண்ணினாலும் பத்து ஆர்டர் போட்டுப் பார்த்துட்டு 'ஓகே' சொல்லிடுவாங்க. சீஸன்ல எத்தனை ஆயிரம் வரும்னு கணக்குப் போட்டு, அதையும் தாண்டிப் போட்டுப் பார்க்கணும். அப்படியும் கோளாறு வந்தா, கார்பன் பேப்பர் பில் புக்கை வெச்சாவது ரெண்டு நாள் ஓட்ட வழி இருக்கணும்.

டைப் பண்றவர் நீங்களா இருந்தா?

கடைசியா ஒரு கதை. இது உங்களுக்கான கதை.

அமெரிக்காவின் டார்கெட் கம்பெனி 2013-ல் கனடாவில் கடை திறந்தது. ஒண்ணு, ரெண்டு இல்லை... 133 கடை வரைக்கும் போனாங்க. அங்கேயும் புதுசா எஸ்.ஏ.பி. பத்தாயிரக்கணக்கான பொருட்களோட விவரங்களைக் குறைஞ்ச அவகாசத்தில் கையால ஏத்த வேண்டிய நிலை. ஏத்தினவங்களில் பலர் அனுபவம் குறைஞ்ச இளைஞர்கள். அப்படி ஏத்தின விவரங்களில் ஏகப்பட்ட தப்பு இருந்ததை, கனடா பத்திரிகை ஒண்ணு பிறகு விசாரிச்சு விரிவா எழுதினது. சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இஞ்ச், நீளம் இருக்க வேண்டிய இடத்தில் அகலம், தப்பான கோடுகள். அந்த விவரத்தை நம்பித்தான் லாரியில் எவ்வளவு ஏத்தலாம், அலமாரியில் எத்தனை வைக்கலாம்னு மத்த சாஃப்ட்வேர்கள் முடிவு பண்ணுது. விளைவு? குடோனில் சரக்கு வழியுது, கடையில் அலமாரி காலி. வந்த ஜனங்க வெறுங்கையோட திரும்பினாங்க. 2015 ஜனவரியில் கடையைச் சாத்தறதா கம்பெனி அறிவிச்சது. 17,600 பேருக்கு வேலை போச்சு.

டார்கெட் மூடினதுக்கு வேற காரணங்களும் உண்டு. டைப் பண்ணின பசங்க மேல மட்டும் பழியைப் போட்டா அது பாவம். "இவ்வளவு சீக்கிரமா வேண்டாம், சப்ளையர் கொடுத்த அளவை ஒரு தடவை சரி பார்த்துக்கலாம்"னு சொல்ற இடத்தில் அவங்களை யாரும் உட்கார வைக்கலை. ஆனா, நாளைக்கு அந்த நாற்காலியில் நீங்க உட்காரலாம். அப்போ உங்க கையில் என்ன இருக்கும்? கேள்வி இருக்கும்.

இந்த அளவு சென்டிமீட்டரா, இஞ்ச்சா? இந்தப் பொருள் விவரத்துக்கு எந்த சிஸ்டம் சொல்றது கடைசி வார்த்தை? பாதியில் நின்னா யாருக்குத் தெரியும்? ரெண்டு தடவை வந்தா என்ன ஆகும்? ஒரு வாரம் இது ஓடலைன்னா கம்பெனி எப்படி நடக்கும்? இந்த அஞ்சு கேள்வியை உங்க ப்ராஜெக்ட்டைப் பார்த்து நீங்களே கேட்டு, பதிலை ஒரு பக்கத்தில் எழுதி வைங்க. வைவாவில் உதவும். இன்டர்வியூவில் இன்னும் நல்லா உதவும். மீட்டிங்கில் கேட்கும்போது நாலு பேர் முறைச்சுப் பார்க்கலாம். "ஃப்ரெஷருக்கு என்ன இவ்வளவு கேள்வி?"னு ஒருத்தர் சிரிக்கலாம். பரவாயில்லை, கேளுங்க.

இன்னொண்ணு. "எங்க சைடுல எல்லாம் ஓகே"ன்னு மட்டும் சொல்லிட்டு எழுந்து போகாதீங்க. உங்க சைடுலேர்ந்து கிளம்பினது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துச்சான்னு எட்டிப் பாருங்க. ஒட்டு போட்ட இடத்துக்கு சொந்தக்காரர் யாரும் இல்லைன்னா, அந்த இடத்தில்தான் தண்ணி ஒழுகும்.

அப்புறம் ஹெர்ஷீஸ் என்ன ஆச்சுன்னு கேட்கலையே? அதே கம்பெனி, அதே எஸ்.ஏ.பி.யோட அடுத்த வெர்ஷனுக்கு 2002-ல் மாறினது. இந்தத் தடவை அவசரப்படலை. நல்லா டெஸ்ட் பண்ணினாங்க. போட்ட பட்ஜெட்டைவிட 20 சதவிகிதம் குறைஞ்ச செலவில் வேலை முடிஞ்சது. பேப்பர்ல தலைப்புச் செய்தி எதுவும் வரலை. சாக்லெட் மட்டும் கடைக்குப் போச்சு!